கனகாம்பரம் வைத்துக்கொண்ட வருஷங்கள்

எங்கள் வீடு சேலம் கோரிமேட்டில். மொட்டை மாடியில் ஏறினால் சேர்வராயன் மலை சுவர் எழுப்பினதுபோல் எதிரே நிற்கும். ராத்திரி நேரம் ஏற்காட்டுக்கு ஏறும் வண்டிகளின் விளக்கு தெரியும். ஒரு வெளிச்சம் வலதுபக்கமாக ஊர்ந்து போகும், மறையும், கொஞ்சம் மேலே இடதுபக்கம் பார்த்துக்கொண்டு மறுபடி முளைக்கும். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றும் கீழே இருந்து பார்த்தால் அப்படித்தான். ஒன்பது வருஷம் நான் அந்த மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் மாடியில் துணி காயப்போட்டேன்.

2013 ஏப்ரல். அப்போது எனக்கு 19 வயது. ஏற்காட்டில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். பெரியப்பா ஒரு காபித் தோட்டத்தில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர். கோடையில் முதலில் விழும் நல்ல மழையைத் தோட்டத்துக்காரர்கள் பூ மழை என்பார்கள். அது பெய்து எட்டு, பத்து நாளில் காபிச் செடி பூக்கும். கிளையின் நீளத்துக்கும் கணுவுக்குக் கணு வெள்ளையாகக் கொத்து அப்பியிருக்கும். மல்லிகைக்கு ஒரு தங்கை இருந்தால் அவளுக்கு வரக்கூடிய வாசம். மூன்று நாலு நாளில் பழுப்பாகிக் கொட்டிவிடும். அதுவரை நாங்கள் போனதெல்லாம் மே மாத லீவில், பூ முடிந்த பிறகு. முதல்முறை பார்த்த ஆசையில் ஒரு கிளையை ஒடித்துவிட்டேன். "ஒடிக்காத கண்ணு, ஒவ்வொரு பூவும் ஒரு பழம்" என்று பெரியம்மா சொல்லி முடிப்பதற்குள் கிளை என் கையில் இருந்தது.

சாயங்காலம் வேனில் இறங்கினோம். கிளை என் மடியில். தூறல். பதினெட்டாவது வளைவில் எதிரே ஒரு வண்டி ஏறி வந்தது, எங்கள் டிரைவர் ஸ்டியரிங்கை ஒடித்தார், ஈர ரோட்டில் பின்சக்கரம் வழுக்கியது. ஓரச் சுவரை இடித்துக்கொண்டு வேன் நின்றபோது முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில் இருந்தது. அப்பாவுக்கு இடது கால் எலும்பு முறிந்தது. மற்ற எல்லோருக்கும் சிராய்ப்புதான். உயிர்ச்சேதம் எதுவும் இல்லை. பேப்பரில்கூட வராத விபத்து.

எனக்கு நினைவிருப்பது இரண்டே விஷயம். காற்றில் சுற்றிக்கொண்டே இருந்த அந்தச் சக்கரத்தின் சத்தம். என் சுடிதார் முழுக்க ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்த காபிப் பூ, அதன் வாசம். டிரைவரின் முகம், யார் என்னை வெளியே இழுத்தார்கள், எதில் ஆஸ்பத்திரிக்கு வந்தோம், ஒன்றும் தெரியாது.

மூன்று வாரம் கழித்து ஐந்து ரோட்டில் டவுன் பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒரு அக்கா, தலை நிறைய மல்லி. இரண்டு நிமிஷத்தில் உள்ளங்கை நனைந்துவிட்டது. மார்பு அடைத்தது. காது இரண்டும் பஞ்சு வைத்தமாதிரி ஆயிற்று. செத்துவிடுவேன் என்று நிஜமாகவே நினைத்தேன். அஸ்தம்பட்டியில் குதித்து இறங்கி வீடுவரை நடந்தேன். மல்லிக்கும் வேனுக்கும் முடிச்சு இருக்கிறது என்பது அன்றைக்கு எனக்குப் புரியவே இல்லை. வெயில் என்றுதான் அம்மாவிடம் சொன்னேன்.

பிறகு அது பரவியது. காபிப் பூவிலிருந்து மல்லிக்கு வந்தது, மல்லியிலிருந்து சம்பங்கிக்கு, அங்கிருந்து மல்லி வாசனை ஊதுபத்திக்கு. இன்னொரு பக்கம் பதினெட்டாவது வளைவிலிருந்து மொத்த மலைப்பாதைக்கு, பிறகு மலையைப் பார்ப்பதற்கே. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் ஆட்கள் சொல்லிவைத்ததை 1920இல் அமெரிக்காவில் வாட்சன், ரேனர் என்ற இருவர் ஒரு கைக்குழந்தையை வைத்துச் செய்து பார்த்திருக்கிறார்கள். குழந்தை வெள்ளை எலியைத் தொடும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். சில தடவையிலேயே குழந்தை எலியைக் கண்டு அழுதது. பிறகு முயலைக் கண்டும், ரோமக் கோட்டைக் கண்டும் அழுதது. அந்தப் பயத்தைப் போக்காமலே குழந்தையை அனுப்பிவிட்டார்கள் என்று படித்தபோது எனக்கு ரொம்ப நேரம் மனசு ஆறவில்லை.

அதே வேனில்தான் அப்பாவும் இருந்தார். கால் உடைந்தது அவருக்கு. ஆனால் கட்டு பிரித்த மறுமாதமே ஏற்காடு போய்விட்டு வந்தார். "உனக்கு மட்டும் ஏன்டா இப்படி?" என்று என்னைப் பாவமாகக் கேட்பார். பதில் எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் கிடைத்தது. அப்பா பிறந்ததே மலைமேல். காபிப் பூ வாசம் அவருக்கு நாற்பது வருஷப் பழக்கம், ஒரு கெடுதலும் இல்லாமல் முகர்ந்த நாற்பது வருஷம். ஏற்கெனவே நன்கு பழகிய ஒன்றை ஆபத்தோடு சேர்த்து முடிச்சுப்போட மூளை சீக்கிரம் சம்மதிப்பதில்லை. புதிதாக வந்ததன்மேல்தான் பழி விழும். அன்றைக்கு அந்த வேனில் எனக்குப் புதிதாக இருந்தது மடியில் கிடந்த கிளைதான்.

வாசனைக்கு இன்னொரு சலுகையும் உண்டு. கண்ணும் காதும் அனுப்பும் சேதி மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் என்ற இடத்தில் இறங்கி, அங்கிருந்து பிரிந்து போகிறது. மூக்கின் சேதி அங்கே இறங்காமலே அமிக்டலாவுக்குப் போய்விடும். அமிக்டலா என்பது காதுக்கு நேர் உள்ளே, பக்கத்துக்கு ஒன்றாக, பாதாம் பருப்பு அளவில் இருக்கும் பகுதி. பெயருக்கே கிரேக்கத்தில் பாதாம் என்றுதான் பொருள். இதுவும் அதுவும் சேர்ந்து வந்தால் ஆபத்து என்ற முடிச்சு அங்கேதான் விழுகிறது. சேர்ந்து வேலை செய்த நரம்பணுக்களின் இணைப்பு அங்கே பலப்படுகிறது. அந்த நேரத்தில் உடம்பில் சுரக்கும் அட்ரினலின் போன்றவை 'இதைக் கெட்டியாக எழுதிக்கொள்' என்று சொல்வதுபோல வேலை செய்கின்றன. எழுதி முடித்து உலர, புதிய புரதங்கள் உண்டாக வேண்டும். அதற்குச் சில மணி நேரம் ஆகும். சக்கரமும் பூவும் கல்லில் செதுக்கினமாதிரி இருப்பதும், டிரைவர் முகம் துடைத்துவிட்டதுபோல் இருப்பதும் ஒரே விபத்தின் வேலைதான்.

என்னை அதிகம் வதைத்தது, பயப்பட ஒன்றுமில்லை என்று எனக்கே தெரிந்திருந்ததுதான். மல்லிப்பூ ஒன்றும் செய்யாது என்று மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். "தெரிஞ்சும் ஏன்டி பயப்படற?" என்று கேட்காத ஆள் கிடையாது. 1995இல் வந்த ஒரு ஆராய்ச்சி இதற்கு நியாயம் சொன்னது. அமிக்டலா மட்டும் பழுதான ஒருவருக்கு ஒரு நிறத்தைக் காட்டி, கூடவே காதைப் பிளக்கும் ஹாரன் அடித்தார்கள். எந்த நிறத்துக்குப் பிறகு ஹாரன் வரும் என்று அவர் சரியாகச் சொன்னார். ஆனால் அந்த நிறத்தைக் கண்டு அவர் உடம்பு வியர்க்கவில்லை. நிகழ்ச்சிகளை நினைவில் வைக்கும் ஹிப்போகாம்பஸ் பழுதான இன்னொருவருக்கு எந்த நிறம் என்று சொல்லத் தெரியவில்லை, உடம்போ சரியாக வியர்த்தது. தெரிவது ஒரு இடம், பயப்படுவது வேறு இடம். பயந்தவர்களிடம் விளக்கம் சொல்லியே பயத்தை விரட்டப் பார்க்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

வீட்டில் எல்லோரும் என்மேல் உயிரையே வைத்திருந்தார்கள். அந்தப் பிரியத்தில்தான் பயம் கொழுத்தது என்று இப்போது தோன்றுகிறது. அம்மா சாமி படத்துக்கு மல்லி வாங்குவதை நிறுத்தினாள். ஏற்காட்டில் விசேஷம் என்றால் நான் இல்லாமலே போய்வந்தார்கள். "அவளுக்கு மல்லி ஒத்துக்காது" என்று, கத்திரிக்காய் ஒத்துக்காது என்பதுபோல, ஊருக்கே சொல்லிவைத்தார்கள். 2017இல் என் கல்யாணம். தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டேன். பார்க்க அவ்வளவு அழகு, மூக்கை வைத்துத் தேய்த்தாலும் வாசம் கிடையாது. "கல்யாணப் பொண்ணு ஒரு முழம் மல்லி வைக்கலையே" என்று கோயில் பிரகாரத்தில் முணுமுணுத்தார்கள்.

ஒவ்வொரு தடவை ஒதுங்கும்போதும் ஒரு நிம்மதி வரும், பஸ்ஸிலிருந்து குதித்த அன்று வந்தமாதிரி. அந்த நிம்மதிதான் கூலி. ஒதுங்கினால் பிழைத்தாய் என்று மூளை அதை வரவு வைத்துக்கொள்கிறது. இறங்காமல் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அதற்குக் கடைசிவரை தெரிய வாய்ப்பே இல்லை.

விபத்தான வாரமே பாட்டி உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள். "புள்ள பயந்திருக்கு" என்று பக்கத்துப் பள்ளிவாசலுக்கு அழைத்துப்போய் மந்திரித்துக் கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு ராத்திரி நான் தூங்கினேன். பள்ளிவாசலில் ஓதிய பெரியவர் ஒன்றுமே கேட்கவில்லை, தலையில் கை வைத்து ஓதினார், முகத்தில் ஊதினார், அவ்வளவுதான். அதற்கு மாறாக வீட்டுக்கு வந்த உறவுக்காரர்கள் பத்து நாளும் "எப்படிம்மா ஆச்சு? முதல்லேருந்து சொல்லு" என்று உட்காரவைத்துக் கேட்டார்கள். அதிர்ச்சி நடந்த கையோடு ஒருவரைக் கட்டாயப்படுத்தி விவரம் சொல்லவைப்பது நல்லது செய்யாது என்றுதான் மருத்துவ உலகமும் இப்போது சொல்கிறது. பாட்டி படிக்காதவள். அவளுக்கு இருந்த பக்குவம் மற்றவர்களுக்கு இல்லை.

2022 வரை இப்படியே போயிற்று, இன்னும் போயிருக்கும். என் மகளுக்கு அப்போது மூன்று வயது. பக்கத்து வீட்டில் அவள் தலையில் ஒரு துண்டு மல்லிச்சரம் வைத்துவிட்டிருக்கிறார்கள். "அம்மா பூ" என்று ஓடிவந்து மடியில் ஏறினாள். நான் அவளைத் தள்ளிவிட்டேன். விழவில்லை, ஆனால் தள்ளியது தள்ளியதுதான். அடுத்த வாரம் பூக்காரம்மா தெருவில் போகும்போது குழந்தை தானாக மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தது. குட்டிகள் பெரியவர்களைப் பார்த்தே பயத்தைக் கற்றுக்கொள்ளும் என்பதற்குக் குரங்குகளில் நல்ல ஆதாரம் இருக்கிறது. 1980களில் சூசன் மினேகா என்பவரும் கூட்டாளிகளும், இன்னொரு குரங்கு பாம்பைக் கண்டு அலறுவதைப் பார்த்த மாத்திரத்தில் பாம்பே பார்த்திராத குரங்குகளுக்கும் அந்தப் பயம் ஒட்டிக்கொள்வதைக் காட்டினார்கள். வீடியோவை வெட்டி ஒட்டிப் பூவைக் கண்டு அலறுவதுபோல் காட்டியபோது அந்தப் பயம் ஒட்டவில்லையாம். ஆனால் என் பிள்ளை பார்த்தது வீடியோ இல்லை, பெற்றவள் முகம். அந்த வாரமே ஒரு உளவியலாளரிடம் போனேன்.

அவர் முதல் நாள் கேட்ட கேள்வி: "மல்லி பக்கத்துல இருந்தா என்ன நடக்கும்னு நெனக்கிறீங்க?" மயங்கி விழுவேன் என்றேன். எத்தனை நிமிஷத்தில் என்று கேட்டார். இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. ஐந்து நிமிஷம் என்றேன். ஒரு தாளில் எழுதவைத்தார். பயம் நூற்றுக்கு எத்தனை என்று பக்கத்தில் ஒரு எண்.

இந்த வழிக்கு நூறு வருஷ வயது. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண் நியூயார்க்கில் பீட்டர் என்ற சின்னப் பையனின் முயல் பயத்தைப் போக்கினார். கூண்டிலடைத்த முயல் அறையின் தூரத்து மூலையில். பையனுக்குப் பிடித்த தின்பண்டம் கையில். நாள்பட நாள்படக் கூண்டைக் கொஞ்சம் கிட்டே நகர்த்தினார்கள். கடைசியில் முயல் தன் விரலைக் கொறிக்கும் அளவுக்கு அவன் பழகிவிட்டான்.

எனக்கு முயலுக்குப் பதில் மூடிபோட்ட எவர்சில்வர் டப்பா. உள்ளே ஒரே ஒரு மல்லி மொட்டு. முதல் நாள் அது ஜன்னல் திட்டில், நான் கதவுப் பக்கம். மூன்றாம் வாரம் மூடியைத் திறந்து மொட்டை என் உள்ளங்கையில் வைத்தார். காம்பில் இன்னும் ஈரம் இருந்தது. நுனி மட்டும் லேசாகப் பிரிந்து, இதழ் ஓரத்தில் ஊதா நிறம் ஒரு நூல் அளவுக்கு ஓடியிருந்தது. எண் 85. கை நடுங்கியதில் மொட்டு உருண்டது, மற்றக் கையால் தடுத்தேன். ஐந்து நிமிஷம் ஆயிற்று. "விழுந்தீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பத்து நிமிஷம், 70. இருபத்தைந்து நிமிஷத்தில் 40. மொட்டு என் கைச்சூட்டில் அங்கேயே விரிய ஆரம்பித்திருந்தது. அழுதுகொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது பயத்தில் வந்த அழுகை இல்லை.

இரண்டு மாதத்தில் அந்த அறைக்குள் ஒரு முழம் மல்லியைத் தலையில் வைத்துக்கொண்டு கதை பேசும் நிலைக்கு வந்துவிட்டேன். குணமாகிவிட்டது என்று எல்லோருக்கும் சொன்னேன். அடுத்த முகூர்த்தத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். ஏசி போட்ட மண்டபம், ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கிறது, மேடை முழுக்க மல்லி. உள்ளே நுழைந்த இரண்டாவது நிமிஷம் மறுபடி அதே பஸ், அதே அஸ்தம்பட்டி. செருப்பைக்கூடத் தேடாமல் வெளியே வந்தேன்.

தோற்றுவிட்டேன் என்று போய் நின்றபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "இது வரும்னு எனக்குத் தெரியும். முன்னாடியே சொல்லியிருக்கணும், சொல்லாதது என் தப்பு" என்றார். பிறகு கேட்டார்: "ஏற்காட்டுக்கு எத்தனை ரோடு?" அடிவாரம் வழி ஒன்று, குப்பனூர் வழி ஒன்று என்றேன். "குப்பனூர் ரோடு வந்ததால அடிவாரம் ரோடு இல்லாமப் போச்சா?"

பயத்தைப் பற்றி இந்த ஒன்றை எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். பழக்கிப் பழக்கிப் பயத்தைக் குறைக்கும்போது பழைய நினைவு அழிவதில்லை. 'பூ ஆபத்து' என்ற பாதை அப்படியே இருக்கிறது. 'பூ ஒன்றும் செய்யாது' என்று இரண்டாவதாக ஒரு பாதை போடுகிறோம். நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதி அமிக்டலாவை அமர்த்துவது அந்த இரண்டாவது பாதை வழியாக. மணி அடித்தால் சாப்பாடு வரும் என்று பழகி எச்சில் ஊறிய நாய்க்கு, மணி அடித்தும் சாப்பாடு வராமல் போகப் போக ஊறுவது நின்றது. சும்மா கொஞ்ச நேரம் விட்டதும் திரும்ப ஊறுவதை அந்தச் சோதனை செய்த ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவே கண்டிருக்கிறார். இரண்டாவது பாதைக்கு ஒரு பலவீனமும் உண்டு. போட்ட இடத்தில்தான் அது நன்றாக வேலை செய்யும். ஒரு கூண்டில் பயம் நீங்கிய எலி வேறு கூண்டுக்குப் போனால் மறுபடி உறைந்து நிற்கும் என்று மார்க் பவுட்டன் பல வருஷம் ஆராய்ந்து காட்டியிருக்கிறார். என் பாதை அந்த அறைக்குள் மட்டும் போடப்பட்டிருந்தது. முயல் பையன் பீட்டருக்கும் நடுவில் இது நடந்திருக்கிறது. காய்ச்சலில் சில வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வரும்போது பெரிய நாய் ஒன்று அவன்மேல் பாய, முயல் பயம் முழுசாகத் திரும்பிவிட்டது. மேரி கவர் ஜோன்ஸ் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அதன்பிறகு மல்லியை எல்லா இடத்துக்கும் கொண்டுபோனோம். சமையலறை, டவுன் பஸ், கோட்டை மாரியம்மன் கோயிலில் ஆடிக் கூட்டம், மறுபடி ஒரு மண்டபம். காலையில், ராத்திரியில், தூக்கம் கெட்ட நாளில், தனியாக, கூட்டத்தில்.

அழிக்கவே முடியாதா என்று ஒருநாள் கேட்டேன். கதை கொஞ்சம் சிக்கலானது. 2000இல் கரீம் நாடர், ஜோசஃப் லெடூ குழுவினர், ஒரு ஒலிக்குப் பயந்த எலிக்கு அந்த ஒலியை ஒருமுறை மட்டும் திரும்பக் கேட்கவைத்து, உடனே அமிக்டலாவில் புரதம் உண்டாவதைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினார்கள். மறுநாள் அந்தப் பயமே இல்லை. நினைவூட்டாமல் மருந்து மட்டும் கொடுத்த எலிகளுக்குப் பயம் அப்படியே இருந்தது. நினைத்துப் பார்க்கும்போது நினைவு சில மணி நேரம் இளகி, திரும்ப இறுக வேண்டியிருக்கிறது என்று ஆயிற்று. 2010இல் டேனியலா ஷில்லர் குழு மனிதர்களிடம் மருந்தில்லாமல், நினைவூட்டிப் பத்து நிமிஷம் விட்டுப் பழக்கினால் பயம் திரும்பவில்லை என்று காட்டியது. மெரல் கிண்ட் குழு 2009இல், படபடப்பைக் குறைக்கும் புரோப்ரனலால் என்ற மாத்திரையை வைத்து இதையே செய்தது. நடந்தது நினைவிருந்தது, திடுக்கிடல் மட்டும் போயிருந்தது. ஆனால் பிறகு அதேபோல் செய்து பார்த்த பலருக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆய்வுக்கூடத்து லேசான ஷாக்குக்கும் பத்து வருஷம் ஊறிய பயத்துக்கும் தூரமும் அதிகம்.

எனக்கு அந்த மாத்திரைமேல் ஆசை இருந்தது, மறைக்க விரும்பவில்லை. மெடிக்கலில் கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்றும் தோன்றியது. எனக்குச் சின்ன வயதிலிருந்து வீசிங் உண்டு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்த மாத்திரை மூச்சுக்குழாயைச் சுருக்கி உயிருக்கே ஆபத்தாகலாம் என்று டாக்டர் சொன்னபோது உடம்பு சில்லிட்டது. தயவுசெய்து யாரும் இதைத் தானாக வாங்கி முயற்சி செய்யாதீர்கள். பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

கடைசியாக மலை. இருபது வளைவுக்கும் எண் எழுதிய பலகை இருக்கிறது, எனக்கென்றே படி கட்டிவைத்தமாதிரி. முதல் வாரம் அடிவாரம் செக்போஸ்ட் வரை. அடுத்த வாரம் மூன்றாவது வளைவு. வீட்டுக்காரர் பைக் ஓட்ட, நான் பின்னால் எண்ணைச் சொல்லிக்கொண்டே போவேன். பன்னிரண்டு தாண்டினால் காற்று குளிரும், சில்வர் ஓக் மரம் கண்ணில் படும். அங்கேயே நாலு வாரம் நின்றோம்.

பதினெட்டுக்குப் போக வேண்டிய முன்நாள் உளவியலாளர் என் மணிக்கட்டைக் காட்டினார். பாட்டி கட்டிய கயிறு. இற்றுப்போகப் போக அம்மா புதிதாகக் கட்டிக்கொண்டே வந்தாள். "இது இருக்கறவரைக்கும், ஒண்ணும் ஆகாம வந்தது கயிறாலதான்னு உங்க மூளை சொல்லும். வளைவு பேர்ல வரவு வைக்காது. நம்பிக்கை வேற விஷயம், அதுல நான் கை வைக்க மாட்டேன். நீங்களே முடிவு பண்ணுங்க." ராத்திரி முழுக்க யோசித்தேன். பாட்டி அப்போது இல்லை. காலையில் கயிற்றை அவிழ்த்து, பூஜை அலமாரியில் அவள் போட்டோவுக்குக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பினேன். மணிக்கட்டில் வெளுத்த கோடு ஒன்று இருந்தது.

பதினெட்டில் இறங்கி நின்றோம். சுவரைச் சிமெண்ட் பூசிச் சரிசெய்திருந்தார்கள், எது புதுச்சுவர் என்றே அடையாளம் தெரியவில்லை. 90. குரங்கு ஒன்று சுவர்மேல் உட்கார்ந்து எதையோ உரித்துக்கொண்டிருந்தது. கீழே சேலம் வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. முக்கால் மணி நேரம் நின்றேன். 35க்கு வந்தபோது மேலே பெரியம்மா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டோம். ஒன்பது வருஷமாகப் போகாத வீடு. பெரியம்மா ஒன்றும் பேசவில்லை, இரண்டாவது தடவை சோறு போடும்போது என் தலையைத் தடவினார்கள்.

இன்னும் வருகிறது. தூறல் நாளில் வருகிறது, உடம்பு முடியாதபோது வருகிறது. 30, 40 என்று வந்து போகிறது. காபிப் பூவை மட்டும் விபத்துக்குப் பிறகு இன்னும் நேரில் பார்க்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் ஏதோ ஒரு காரணம் சொல்லித் தள்ளிவிட்டேன். போன வெள்ளிக்கிழமை ராத்திரி பெரியம்மா போன் பண்ணினார்கள். நல்ல மழையாம். எட்டாம் நாள், ஒன்பதாம் நாள் பூத்துவிடும் என்றார்கள். நாளை சனிக்கிழமை. மகள் பையில் ஸ்வெட்டர் எடுத்து வைத்துவிட்டாள். கிளையை ஒடிக்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன்.